அந்த ஒரு புள்ளி

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு பழக்கடை. கல்லாவுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் பழைய கணக்கு நோட்டுகள் கிடக்கின்றன. அஞ்சு வருஷம் தாண்டியதை எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம். அட்டையில் 2018-19 என்று எழுதிய நோட்டை மட்டும் போடவில்லை, போடவும் மாட்டேன். அந்த நோட்டின் முன்பக்கத்தில் இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய நஷ்டம் இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து திருப்பினால், தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் கால்பந்து சாம்பியன் ஆன கதை, பென்சில் கோடு போட்டு ஆட்டம் ஆட்டமாக எழுதியிருக்கும்.

முன்பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சீசன் என்றால் ஒரே பொருள்தான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் வந்து, சாரல் அடித்து, அருவி நிறைந்து விழுகிற நாட்கள். அந்த ரெண்டரை மாசத்தில் சம்பாதிப்பதுதான் வருஷம் முழுக்கச் சோறு. 2018-ல் தண்ணீர் வராமல் போகவில்லை, வந்த தண்ணீர் ரொம்பக் கூடிப்போனது. ஆகஸ்டில் கேரளாவே வெள்ளத்தில் தத்தளித்தது. எனக்கு ரம்புட்டான் வருவது மலைக்கு அந்தப் பக்கமிருந்து, புனலூர் வியாபாரி ஒருவர் மூலமாக. லோடு வரவில்லை. இங்கேயும் மெயின் அருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டி, குளிக்கத் தடை விழுந்தது. குளிக்க விடாத ஊருக்கு யார் வருவார்கள்? வாங்கிவைத்த மங்குஸ்தான் தோல் கல்லாக இறுகி, உள்ளே மஞ்சள் பால் கட்டி, கூடை கூடையாகக் குப்பைக்குப் போனது.

அக்டோபர் கடைசியில், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் தங்கச்சி மகன் அந்த நோட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தான். அவன் அப்போது தென்காசியில் பிளஸ் டூ படித்தான். பள்ளிக்கூட அணியில் ரைட் பேக். சனி ஞாயிறு எனக்குக் கடையில் கை உதவி.

“என்னல எழுதுத?”

“ஐ-லீக் மாமா. இந்தத் தடவை நம்ம சென்னை சிட்டி ஆடுதுல்லா, கணக்கு வைக்கப் போறேன்.”

அவன் எழுதிய பதினோரு பெயர்களைப் படித்தபோது இந்தியாவின் வரைபடத்தையே பார்த்த மாதிரி இருந்தது. ஸ்ரீநகரிலிருந்து ரியல் காஷ்மீர். அந்த மண்ணிலிருந்து முதல் தர லீகுக்கு வந்த முதல் அணி. மிசோரமிலிருந்து ஐஸ்வால், மேகாலயாவிலிருந்து ஷில்லாங் லஜோங், மணிப்பூரிலிருந்து நெரோகா. கொல்கத்தாவின் இரண்டு பழம்பெரும் அணிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், முந்தைய வருஷம் கோப்பையை வென்ற மினர்வா பஞ்சாப், கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இளம் பையன்களை மட்டும் வைத்து, வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லாமல் நடத்திய இந்தியன் ஏரோஸ். பதினோராவது சென்னை சிட்டி.

கால்பந்து என்றால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பை பார்ப்பதோடு சரி, அதுவரைக்கும் எனக்கு. அதில் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டும். லீக் அப்படி இல்லை என்று அவன்தான் விளக்கினான். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடும் இரண்டு முறை ஆடவேண்டும், ஒன்று சொந்த ஊரில், ஒன்று அவர்கள் ஊரில். ஆளுக்கு இருபது ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, சமன் ஆனால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. ஃபைனல் என்று ஒன்று கிடையாது. இருபதையும் கூட்டிப் பார்த்து யார் மேலே இருக்கிறார்களோ அவர்களே சாம்பியன்.

இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பழக்கடைக்காரனுக்கு இது புதுசு இல்லை. ஆடி அமாவாசைக்கோ, சாரல் திருவிழா ஞாயிற்றுக்கிழமைக்கோ கூட்டம் அலைமோதும். அன்றைக்கு எந்தக் கடையிலும் விற்கும். அதை வைத்து யாரும் வருஷத்தைக் கணக்குப் போடமாட்டோம். செவ்வாய்க்கிழமை என்ன விற்றது, மழை விட்டுப்போன புதன்கிழமை என்ன விற்றது, அதில்தான் சீசன் நிற்கும். நாக்-அவுட் போட்டி ஞாயிற்றுக்கிழமை மாதிரி. லீக் என்பது செவ்வாயும் புதனும். ஒரு அணியின் உண்மையான தரத்தை அளக்க லீகைவிட நேர்மையான தராசு இல்லை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை வந்தது அந்த ஐந்து மாசத்தில்தான்.

சென்னை சிட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1946-ல் தொடங்கிய சங்கம் அது. இந்தியாவில் தேசிய அளவிலான லீக் 1996-ல் ஆரம்பித்தபோது நம்மூர் சார்பில் இந்தியன் பாங்க் அணி ஆடியது. பிற்பாடு அது கீழே இறங்கிவிட்டது. அந்தத் தேசிய லீக் 2007-ல் ஐ-லீக் ஆனது. அதில் தமிழ்நாட்டுக்கு இடமே இல்லாமல் பல வருஷம் ஓடியது. 2017-ல் சென்னை சிட்டிக்கு நேரடி அனுமதி கிடைத்தது. முதல் வருஷம் பத்து அணிகளில் எட்டாவது. அடுத்த வருஷமும் எட்டாவது. பெயரில் சென்னை இருந்தாலும் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்.

அந்த இரண்டாவது வருஷத்திலேயே அணியில் கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன் ஒருவர் மின்னினார். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். அவருடைய சகோதரர் ரெஜினும் இதே அணிக்கு ஆடியவர். தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று அந்தக் கரையோர ஊர்களில் கடலுக்குப் போய்வந்த பிள்ளைகள் சாயங்காலம் மணலில் பந்து உதைப்பார்கள். தமிழ்நாட்டுக்குக் கால்பந்து ஆட்களைத் தந்துகொண்டே இருக்கிற மண் அது. சூசைராஜை அடுத்த வருஷம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான ஜாம்ஷெட்பூர் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நல்ல ஆளைப் பறிகொடுத்த எட்டாவது இட அணி. அதன்மேல் யார் பணம் கட்டுவார்கள்?

அந்த வருஷம் உரிமையாளர் ரோஹித் ரமேஷும் சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸும் ஸ்பெயின் பக்கம் போய் ஆள் பிடித்து வந்தார்கள். பெரிய பெயர் எதுவும் இல்லை. அங்கே கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிக்ஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. கூடவே எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். நவாஸ் இவர்களை வைத்து, பந்தை உயரத் தூக்கி அடிக்காமல் தரையோடு தரையாகக் காலுக்குக் காலாகக் கடத்திக்கொண்டு போகிற ஆட்டம் ஆடவைத்தார். மருமகன் அதைக் கடை வாசலில் மூன்று கொய்யாவை வைத்து எனக்கு நடத்திக் காட்டினான். முக்கோணம், முக்கோணம், முக்கோணம். எதிராளி எந்தக் காயைப் பிடிக்கப் போனாலும் பந்து மற்ற ரெண்டில் ஒன்றுக்குப் போயிருக்கும்.

2018 அக்டோபர் 26. சீசனின் முதல் ஆட்டமே கோவையில், இந்தியன் ஏரோஸுக்கு எதிராக. 4-1. மான்சி ஒருவரே மூன்று கோல். நோட்டில் முதல் வரிசையில் 3 என்று விழுந்தது.

நவம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானம் போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று தோற்கடித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அதன் கனம் புரியவில்லை. புனலூர் வியாபாரிதான் போனில் புரியவைத்தார். அவர் பந்து பைத்தியம். “அண்ணா, அது சும்மா கார்யம் இல்ல கேட்டோ. ஈஸ்ட் பெங்காலை அவங்க ஊர்ல வச்சு!” என்றார். ரம்புட்டான் கணக்குத் தீர்க்கப் பேசிய போனில் பாதி நேரம் சென்னை சிட்டிதான். வெள்ளத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அடி. அந்த வருஷ பாக்கியை அவர் நெருக்கவில்லை. மலையைத் தாண்டி எங்களைச் சேர்த்துக் கட்டியது அந்த நாட்களில் பழமில்லை, பந்துதான்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கடையில் கொஞ்சம் கை ஓடியது. அந்த நாட்களில் பின்பக்கக் கணக்கும் ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் கடைசியில் ஒரு இடி விழுந்தது. அதுவரை எல்லா ஆட்டத்தையும் டிவியில் காட்டியவர்கள், மிச்சமிருந்தவற்றில் பாதியளவுதான் இனிமேல் என்று குறைத்துவிட்டார்கள். ஐ-லீக் அணிகள் எல்லாம் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தன. தன் ஊர் அணி முதலிடத்தில் இருக்கும்போது அதைப் பார்க்க முடியாத கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செல்போனில் ஸ்கோர் மாறுகிறதா என்று மருமகன் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஒரு எண் மாறும், துள்ளுவான். கோல் எப்படி விழுந்தது, யார் கொடுத்த பாஸ் என்று எதுவும் தெரியாது.

இந்த இடத்தில் இரண்டு லீக் சமாச்சாரத்தைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையின் முக்கியத்துவம் புரியாது. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. பணம், சினிமா நட்சத்திரங்கள், விளம்பரம் எல்லாம் அங்கே போயிற்று. நம் சென்னையின் எஃப்.சி. அதில்தான் ஆடுகிறது, 2015-லும் 2018-லும் கோப்பை வென்றது. ஐ-லீக் ஏழைப் பங்காளி மாதிரி ஓரத்தில் ஓடியது. ஆனாலும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கில் நாட்டின் முதல் லீக் அப்போதும் ஐ-லீக்தான். ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றுக்கு ஐ-லீக் சாம்பியன்தான் போகமுடியும். அடுத்த சீசனிலிருந்து அந்தத் தகுதி ஐ.எஸ்.எல்.லுக்கு மாறிவிட்டது. அதாவது, இந்தியாவின் முதல் லீக் என்ற மகுடத்தோடு ஐ-லீக் ஆடப்பட்ட கடைசி சீசன் இது. அந்தக் கடைசி மகுடத்தைத்தான் நம் அணி துரத்திக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

ஜனவரியில் பொங்கலை ஒட்டி, கோவையில் ஈஸ்ட் பெங்காலோடு மறு ஆட்டம். மறுபடி 2-1, மறுபடி சென்னை சிட்டி. நோட்டில் அந்த வரியை மருமகன் சிவப்பு மையில் எழுதினான். ஏன் சிவப்பு என்று கேட்டேன். “ரெண்டு அணியும் சம புள்ளியில நின்னா, அவங்க ரெண்டு பேரும் மோதின ஆட்டத்தைத்தான் பாப்பாங்க மாமா. ரெண்டும் நமக்கு” என்றான். பதினேழு வயசுப் பையன் ஜனவரியிலேயே மார்ச்சுக்கு யோசித்திருக்கிறான். இந்த விதி அப்புறமும் வேலை செய்திருக்கிறது. 2021-ல் கோகுலம் கேரளாவும் சர்ச்சிலும் தலா 29 புள்ளியில் நின்றபோது, தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் கணக்கில்தான் கோகுலம் கோப்பையைத் தூக்கியது.

பிப்ரவரியில் நாடே துக்கத்தில் இருந்தது. 14-ம் தேதி புல்வாமா தாக்குதல். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் நடக்கவேண்டிய ஆட்டத்துக்கு மினர்வா போகவில்லை. ஈஸ்ட் பெங்கால், ரியல் காஷ்மீர் ஆட்டம் டெல்லிக்கு மாறியது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ராபர்ட்சன் பயிற்சியில் பனியிலும் ஊரடங்கிலும் வளர்ந்த ரியல் காஷ்மீர், வந்த முதல் சீசனிலேயே மூன்றாம் இடத்தில் முடித்தது. அந்த அணியைப் பற்றி யாராவது தமிழில் தனியாக எழுதவேண்டும்.

மார்ச் முதல் வாரம். சர்ச்சில் பிரதர்ஸை ஜெயித்திருந்தால் அன்றைக்கே கோப்பை உறுதி. தோற்றுவிட்டார்கள். சர்ச்சிலில் வில்லிஸ் பிளாசா என்ற டிரினிடாட்காரர் இருந்தார். அந்த சீசனில் மான்சி அடித்ததும் 21 கோல், பிளாசா அடித்ததும் 21 கோல். ஆக, கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நோட்டு இப்படி நின்றது: சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. இரண்டு அணிக்கும் கடைசி ஆட்டம் ஒரே நாள், ஒரே நேரம். மார்ச் 9, சனிக்கிழமை. கோவையில் சென்னை சிட்டியும் மினர்வாவும். கோழிக்கோட்டில் கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும்.

“மாமா, போவோமா?”

அவனுக்குப் பரீட்சை நேரம். தங்கச்சி சம்மதிக்கவில்லை. “படிக்கிற பிள்ளைய நீங்களே கெடுக்கீங்க அண்ணே” என்று என்னைத்தான் ஏசினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகத்தோடு உட்காரவைப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளி ராத்திரி தென்காசியில் பஸ் ஏறினோம். ராஜபாளையம், மதுரை, தாராபுரம், பல்லடம். விடியும்போது சிங்காநல்லூர். அந்த நோட்டையும் பையில் எடுத்து வைத்திருந்தான்.

நேரு ஸ்டேடியத்தில் எங்களுக்குக் கிடைத்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கத்து கோல் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. டிவியில் பார்க்கும்போது தெரியாத ஒன்று நேரில் தெரிகிறது. பந்து இல்லாத ஆட்கள் சும்மா நிற்பதில்லை. ஓடிக்கொண்டே, கையைக் காட்டிக்கொண்டே, கத்திக்கொண்டே இருக்கிறார்கள். வான்ஸ்பால் ஓரத்தில் ஓடும்போது எங்கள் வரிசையில் இருந்தவர்கள் அவர் பேரைச் சொல்லி, தெருவில் போகிற பையனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. தேசிய லீகில் ஆடுகிற ஒருவரைத் தமிழில் அதட்டிக் கூப்பிடமுடிகிறது.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், மூன்றாவது நிமிஷம், மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். 0-1.

மருமகன் நோட்டை மடியில் பிரித்து வைத்தான். இப்படியே முடிந்து, கோழிக்கோட்டில் 0-0 ஆனால் இரண்டு பேரும் 40. சிவப்பு மை வரிகள் இருக்கின்றன, கோப்பை நமக்கு. ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தால் அவர்கள் 42, எல்லாம் போச்சு. அந்த நிமிஷத்திலிருந்து எங்களுக்கு இரண்டு மைதானம். ஒன்று கண்ணுக்கு முன்னால், இன்னொன்று என் போனில். புனலூரில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என் வியாபாரி. அவருக்கு அது அவருடைய கோகுலத்தின் ஆட்டம், எனக்காக அதைக் காதில் ஓதிக்கொண்டிருந்தார். இடைவேளை வரைக்கும் இங்கே 0-1, அங்கே 0-0.

இடைவேளையில் யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், கோயம்புத்தூர்க்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், முறுக்குப் பொட்டலத்தை எங்களிடம் நீட்டி, “வருமுங்க, பொறுங்க. இந்தப் பசங்க பின்னாடிதான் அடிப்பாங்க” என்றார்.

56-வது நிமிஷம் பெனால்டி. மான்சி பந்தை வைத்தார். அவர் ஓடிவந்த அந்த நாலு எட்டு தூரத்தில் ஸ்டேடியத்தில் சத்தமே இல்லை. வலை அசைந்த பிறகுதான் மூச்சு வந்தது. 1-1.

எழுபதாவது நிமிஷம் நெருங்கும்போது கௌரவ் போரா என்ற இளைஞர் இரண்டாவது கோலைப் போட்டார். எல்லோரும் எழுந்து குதித்துக்கொண்டிருக்கும்போதே என் கையில் போன் அதிர்கிறது. “அண்ணா! கோகுலம் கோளடிச்சு! மார்க்கஸ் ஜோசப்!” ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலும் நமக்குச் சாதகம். நான் அந்த மில் பெரியவரைக் கட்டிப்பிடித்தேன். மருமகன் நோட்டின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான், எழுதவில்லை. “இன்னும் இருக்கு மாமா” என்றான்.

இருந்தது. கடைசிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் புனலூர்க் குரல் தழுதழுத்தது. ஈஸ்ட் பெங்காலுக்குப் பெனால்டி, 1-1. கொஞ்ச நேரத்தில் லால்டன்மாவியா ரால்டே இன்னொன்று, 2-1. இப்போது கணக்கு இது: ஈஸ்ட் பெங்கால் 42-ல் நிற்கிறது. நாம் 2-1 என்று முன்னால் இருக்கிற வரைக்கும் 43. மினர்வா ஒரு கோல் போட்டால் நாம் 41. ஒரே ஒரு பந்து தவறி உள்ளே போனால், ஐந்து மாசம் முதலிடத்தைக் காத்தது எல்லாம் ஒன்றுமில்லை.

அந்தக் கடைசி நிமிஷங்களை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. மருமகனின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தான். அக்டோபர் 26, இந்தியன் ஏரோஸ், 3 புள்ளி. யாரும் பார்க்காத, டிவியில் வராத ஒரு சமன் ஆட்டம், 1 புள்ளி. இப்படி நான்கு சமன்கள் இருந்தன அந்தப் பட்டியலில். அதில் ஒன்றில் தோற்றிருந்தாலும் இன்றைக்கு ஈஸ்ட் பெங்கால் நம்மைத் தொட்டிருக்கும். சிவப்பு வரிகள் இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் கோப்பை கொல்கத்தாவில். பிற்பாடு பேசியவர்கள் எல்லோரும் மார்ச் 9-ஐ மட்டுமே பேசினார்கள். நான் அன்றைக்கு அங்கே கண்டது வேறு. அந்தக் கோப்பை அதற்கு முன்னால் பத்தொன்பது நாட்களில், பெரும்பாலும் ஆள் குறைவான கேலரிகளுக்கு முன்னால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

காயங்களுக்காகக் கூட்டிய நேரத்தில் போராவே மறுபடி அடித்தார். 3-1. அதற்கப்புறம் கணக்குத் தேவைப்படவில்லை.

13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. ஐஸ்வால், மினர்வா, இப்போது சென்னை சிட்டி என்று, கொல்கத்தாவின் பெரிய அணிகளுக்கு வெளியேயே கோப்பை போய்க்கொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்கால் கடைசியாக தேசிய லீகை வென்றது 2004-ல். பதினைந்து வருஷம் காத்திருந்து ஒரு புள்ளியில் இழந்தவர்களின் வலி பெரிது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த மாசம் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை நடந்தது. லீகின் எதிர்காலம் பற்றிய தகராறில் பல ஐ-லீக் அணிகள் அதைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி போனது. காலிறுதியில், அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு அணியை 2-1 என்று வீழ்த்தியது. இரண்டு கோலும் நெஸ்டர். எந்த லீக் பெரியது என்ற சண்டைக்குப் புல்தரையில் கிடைத்த பதில் அது. அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது வேறு விஷயம்.

அப்புறம் நடந்ததை நீட்டிச் சொல்ல மனசு வரவில்லை. நெஸ்டர் ஹைதராபாத் போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா அணிக்குப் போனார். ஜேசுராஜும் வான்ஸ்பாலும் ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். 2020 ஜனவரியில், சாம்பியன் என்ற தகுதியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியோடு ஆடி 0-1 என்று தோற்றது. அந்த ஆட்டம்கூட நடந்தது அகமதாபாத்தில். பிறகு கொரோனா. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. நாட்டின் சாம்பியனாக இருந்த ஓர் அணி இரண்டே வருஷத்தில் மறைந்துபோனதற்கு நம் ஊரில் ஒரு சத்தம் எழவில்லை. எனக்கு அது ஆறவில்லை.

சீசனில் கோயம்புத்தூர்க்காரர்கள் நிறையப் பேர் என் கடைக்கு வருவார்கள். மங்குஸ்தானின் அடியில் இருக்கிற பூவிதழை எண்ணி உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லிக் காட்டுவேன், பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கும். பை கட்டிக் கொடுக்கும்போது கேட்பேன், உங்க ஊர்ல இந்தியாவோட புட்பால் சாம்பியன் இருந்தது தெரியுமா என்று. தெரியாது என்றால், அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து நோட்டைக் காட்டுவேன். 43-ஐயும் 42-ஐயும் காட்டுவேன். சில பேர் அவசரத்தில் போய்விடுவார்கள். சில பேர் உட்கார்ந்து கேட்பார்கள். போன ஆடியில் ஒரு பத்து வயசுப் பெண் பிள்ளை, பள்ளியில் பந்து ஆடுகிறவளாம், பட்டியல் முழுவதையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, “இந்த ரெண்டு மட்டும் ஏன் சிவப்பு?” என்று கேட்டாள். மருமகன் சொன்ன விளக்கத்தை அப்படியே சொன்னேன்.

மார்ச் 9 ராத்திரி திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க மதுரை ஆனது. அவன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். புளியங்குடியில் விடிந்துகொண்டிருந்தது, எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டிகள் நின்றன. கடையநல்லூர் தாண்டியதும் மலை தெரிந்தது. மார்ச் மாசத்து மலை, எங்கேயும் வெள்ளைக் கோடு இல்லை. அவன் மடியிலிருந்து நோட்டை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் அவன் இன்னும் எழுதவில்லை. பஸ் குலுங்கக் குலுங்க நானே எழுதினேன், 43.

சொன்னபடி அவனைத் தங்கச்சி வீட்டில் புத்தகத்தோடு உட்காரவைத்துவிட்டு, குற்றாலம் வந்து கடை திறந்தேன். நோட்டை நேராகத் திருப்பி முன்பக்கத்தில் தேதி போட்டேன். 10-3-2019, ஞாயிறு. அன்றைக்கு மூன்று கூறு கொய்யாவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் விற்றது என்று அதில் இருக்கிறது.